அமேசான் நிதியம்: கையில் பணம் இருந்தும் முடங்கிப்போனது ஏன்?

காட்டைக் காப்பாற்ற நாடுகள் கைகோக்கும் எந்தத் திட்டத்தைப் பற்றிப் பேசினாலும், பேச்சு கடைசியில் பணத்தில்தான் போய் நிற்கும். பணக்கார நாடுகள் தரவில்லை, சொன்னதில் பாதிதான் வந்தது, வந்ததும் தாமதமாக வந்தது. அதெல்லாம் உண்மைதான். ஆனால் காடழிப்பைக் குறைத்ததற்காக வரும் நன்கொடைகளை வாங்கிக் காட்டைக் காக்கச் செலவிடும் பிரேசிலின் அமேசான் நிதியத்தில் 2019 முதல் 2022 வரை நடந்தது வேறு மாதிரி. பணம் வங்கியில் இருந்தது. வேலை செய்யத் தெரிந்த ஆட்கள் இருந்தார்கள். காடு எங்கே எவ்வளவு அழிகிறது என்பது செயற்கைக்கோளில் துல்லியமாகத் தெரிந்தது. இருந்தும் ஒரு புதிய திட்டத்துக்குக்கூட ஒப்புதல் தர முடியவில்லை, ஏனென்றால் ஒப்புதலுக்கு அடித்தளமான குழுவையே அரசு கலைத்துவிட்டது. காட்டுக்காகக் கூட்டு சேரும் எந்த அமைப்பும் இந்த நிகழ்வை வரிவரியாகப் படிக்க வேண்டும் என்று நினைக்கிறேன், அதனால்தான் இதை நீளமாகவே எழுதுகிறேன்.

காடழிப்பு குறைந்தது முதலில், பணம் வந்தது பிறகு

பலர் இதைத் தலைகீழாகப் புரிந்துவைத்திருக்கிறார்கள். நார்வே பணம் கொடுத்தது, அதனால் பிரேசிலில் காடழிப்பு குறைந்தது என்று எழுதுவார்கள். வரிசை அப்படி இல்லை.

2004-இல் பிரேசிலின் அமேசான் பகுதியில் ஒரே ஆண்டில் 27,772 சதுர கிலோமீட்டர் காடு போனது. அப்போது சுற்றுச்சூழல் அமைச்சராக இருந்தவர் மரீனா சில்வா. அதே 2004-இல்தான் பல அமைச்சகங்களை ஒன்றாக உட்காரவைத்து காடழிப்பைத் தடுக்கும் செயல்திட்டம் ஒன்று தொடங்கியது. தேசிய விண்வெளி ஆய்வு நிறுவனமான இன்பே, ஆண்டுக்கு ஒருமுறை கணக்கெடுத்ததோடு நிற்காமல், மரம் வெட்டப்படும் நாட்களிலேயே எச்சரிக்கை தரும் டெட்டர் என்ற செயற்கைக்கோள் முறையைக் கொண்டுவந்தது. அந்த எச்சரிக்கையை வைத்து ஐபாமா என்ற சுற்றுச்சூழல் காவல் அமைப்பு களத்தில் இறங்கியது. 2006-இல் சோயா வணிக நிறுவனங்கள், புதிதாக அழிக்கப்பட்ட அமேசான் நிலத்தில் விளைந்த சோயாவை வாங்க மாட்டோம் என்று ஒப்புக்கொண்டன. 2008-இல் மத்திய வங்கி, நிலத்தின் சுற்றுச்சூழல் ஆவணங்கள் சரியாக இல்லாத விவசாயிக்கு அமேசான் பகுதியில் கடன் கிடையாது என்று விதி போட்டது.

இத்தனையும் சேர்ந்துதான் 2008-இல் காடழிப்பு 12,911 சதுர கிலோமீட்டருக்கு இறங்கியது. அதாவது நிதியம் ஒரு ரியாலைக்கூட (பிரேசில் நாணயம்) செலவழிப்பதற்கு முன்பே பாதிக்கும் மேல் குறைந்துவிட்டது. 2012-இல் அது 4,571 ஆனது. அந்தப் பிற்பாதியில் நிதியத்துக்கும் பங்கு உண்டு, ஆனால் முதுகெலும்பு பிரேசிலின் சொந்தச் சட்டமும் சொந்த அதிகாரிகளும்தான்.

பிரேசில் வெளியே போய்ப் பேசியதும் இதை வைத்துத்தான். 2006-இல் நைரோபி காலநிலை மாநாட்டில் யோசனையை முன்வைத்தார்கள், 2007-இல் பாலியில் அதை விரித்துச் சொன்னார்கள். நாங்கள் காடழிப்பைக் குறைத்துவிட்டோம், அதன் பலன் உலகத்துக்கே போகிறது, அதற்கான பங்கைத் தாருங்கள் என்பதுதான் சாரம். 2008 ஆகஸ்ட் 1 அன்று அதிபர் லூலா கையெழுத்திட்ட ஆணையின் மூலம் நிதியம் பிறந்தது. அடுத்த மாதமே நார்வே பிரதமர் ஸ்டோல்டன்பர்க் பிரேசிலுக்கு வந்து 2015 வரை 100 கோடி டாலர் வரை தருவதாக அறிவித்தார். பிறகு ஜெர்மனி தன் வளர்ச்சி வங்கியான கேஎஃப்டபிள்யூ வழியாகவும், பிரேசிலின் எண்ணெய் நிறுவனமான பெட்ரோபிராஸ் தன் பங்காகவும் சேர்ந்தன. 2019 வரை வந்த சுமார் 340 கோடி ரியாலில் 90 சதவீதத்துக்கும் மேல் நார்வேயுடையது.

ஒரு டன்னுக்கு 5 டாலர்

எவ்வளவு நன்கொடை திரட்டலாம் என்ற கணக்கை ஒருமுறை போட்டுப் பார்த்துவிடலாம், ஏனென்றால் இந்தக் கூட்டு இத்தனை காலம் நின்றதற்கு அதன் எளிமையும் ஒரு காரணம்.

1996 முதல் 2005 வரையான பத்தாண்டுச் சராசரி காடழிப்பு ஆண்டுக்கு சுமார் 19,500 சதுர கிலோமீட்டர். அதுதான் முதல் அளவுகோல். 2006-இல் அழிந்தது சுமார் 14,000. வித்தியாசம் 5,500 சதுர கிலோமீட்டர், அதாவது 5.5 லட்சம் ஹெக்டேர். ஒரு ஹெக்டேர் காட்டில் 100 டன் கரிமம் இருக்கிறது என்று வேண்டுமென்றே குறைத்து வைத்துக்கொண்டார்கள், யாரும் ஊதிப் பெருக்கியதாகச் சொல்லிவிடக் கூடாது என்பதற்காக. ஒரு டன் கரிமம் எரிந்தால் சுமார் 3.67 டன் கரியமில வாயு. பெருக்கினால் ஏறக்குறைய 20 கோடி டன் கரியமில வாயு காற்றில் கலக்காமல் தப்பியது. டன்னுக்கு 5 டாலர் என்றால் அந்த ஒரு ஆண்டுக்கு மட்டும் 100 கோடி டாலர் வரை நன்கொடை திரட்டலாம். நார்வே சொன்ன மொத்தத் தொகையே அவ்வளவுதான் என்பதைக் கவனியுங்கள். பிரேசில் குறைத்த அளவோடு ஒப்பிட்டால் வந்த பணம் மிகவும் சொற்பம்.

அளவுகோலை ஐந்தாண்டுக்கு ஒருமுறை புதிய பத்தாண்டுச் சராசரிக்கு இறக்குவார்கள். பழைய சாதனையைக் காட்டியே காலத்துக்கும் பணம் வாங்க முடியாது.

நன்கொடை கொடுத்தவருக்குக் கைக்கு என்ன வரும்? ஒரு சான்றிதழ். கொடுத்தவர் பெயர், எத்தனை டன்னுக்குச் சமம் என்ற எண், அவ்வளவுதான் அதில் இருக்கும். அதை இன்னொருவருக்கு விற்க முடியாது, தன் நாட்டுப் புகையைக் கழித்துக்கொள்ளவும் முடியாது. கார்பன் சந்தையில் காட்டை விற்றுவிட்டு இங்கே புகையைக் குறைத்த மாதிரி கணக்குக் காட்டும் பேச்சுக்கே இடமில்லாமல் செய்த இந்த ஒரு விதிக்காகவே இதை வடிவமைத்தவர்களைப் பாராட்டத் தோன்றுகிறது.

மேஜையைச் சுற்றி உட்கார்ந்தவர்கள்

பணத்தை வைத்திருப்பது பிரேசிலின் தேசிய வளர்ச்சி வங்கி. 1952-இல் தொடங்கிய பழைய வங்கி, அணையும் சாலையும் தொழிற்சாலையும் கட்டக் கடன் கொடுத்துப் பழகியது. நிதியத்தின் நிர்வாகச் செலவுக்கு நன்கொடையில் 3 சதவீதம் எடுத்துக்கொள்ளும்.

பணம் எந்த வகை வேலைகளுக்கு, எந்த நிபந்தனைகளோடு போகலாம் என்று தீர்மானிப்பது கோஃபா என்ற வழிகாட்டும் குழு. இதில் மூன்று அணிகள். ஒன்று மத்திய அரசு. இரண்டாவது அமேசான் பகுதி மாநில அரசுகள், அதிலும் காடழிப்பைத் தடுக்கும் திட்டம் ஒன்றைத் தயாரித்த மாநிலத்துக்குத்தான் நாற்காலி. மூன்றாவது சமூகத் தரப்பு: அமேசான் பழங்குடி அமைப்புகளின் கூட்டமைப்பு, விவசாயத் தொழிலாளர் சங்கம், அறிவியலாளர் சங்கம், சுற்றுச்சூழல் அமைப்புகள், அவர்களோடு தொழில் கூட்டமைப்பும் மரத் தொழில்காரர்களும். அணிக்கு ஒரு வாக்கு. அமைச்சர்கள் எத்தனை பேர் வந்து உட்கார்ந்தாலும் மத்திய அரசுக்கு ஒரே வாக்குதான்.

பணம் கொடுத்த நார்வேக்கும் ஜெர்மனிக்கும் அந்தக் குழுவில் இடமே கிடையாது. காசு கொடுத்தவன் சொல்வதுதான் சட்டம் என்று நடக்கும் எத்தனையோ வெளிநாட்டு உதவித் திட்டங்களுக்கு நடுவே இது பெரிய விஷயம். அமேசானை வெளிநாட்டுக்காரர்கள் பிடுங்கிக்கொள்வார்கள் என்ற பயம் பிரேசிலில் ராணுவ ஆட்சிக் காலத்துக்கும் முன்பிருந்தே ஆழமாக இருக்கிறது. அந்தப் பயத்துக்குப் பேச்சில் சமாதானம் சொல்லாமல் அமைப்பின் வடிவத்திலேயே பதில் சொன்னார்கள். கரிமக் கணக்கைச் சரிபார்க்கத் தனியாக ஒரு தொழில்நுட்பக் குழுவும் இருந்தது, நிபுணர்கள் மட்டும் கொண்டது.

சரி, இந்தப் பணம் என்ன செய்தது? தனியார் நிலங்களைக் கணினியில் எல்லை குறித்துப் பதியும் சுற்றுச்சூழல் பதிவேட்டுக்குப் போனது. தீயணைப்புப் படைகளுக்குப் போனது. ஐபாமா அதிகாரிகள் ஏறிச்செல்லும் ஹெலிகாப்டருக்கும் வண்டிக்கும் வாடகையாகப் போனது, இது ரொம்ப முக்கியம், ஏனென்றால் செயற்கைக்கோள் காட்டிய இடத்துக்கு ஒரு ஆள் போய் நிற்க முடியாவிட்டால் அந்தப் படத்தால் பயன் இல்லை. நிதியில் 20 சதவீதம் வரை பிரேசிலின் அமேசான் பகுதிக்கு வெளியே கண்காணிப்பு முறைகளுக்குச் செலவிடலாம் என்ற விதி இருந்ததால், அமேசான் ஒத்துழைப்பு ஒப்பந்த அமைப்பின் வழியாகப் பக்கத்து நாடுகளும் தங்கள் காட்டைத் தாங்களே அளக்கக் கற்றுக்கொண்டன.

ஒரு திட்டத்தை மட்டும் கொஞ்சம் கிட்டப் போய்ப் பார்க்கலாம். ஆக்ரே மாநிலத்தின் மேற்கு முனையில், பெரு எல்லையை ஒட்டி அமோனியா ஆறு ஓடுகிறது. அங்கே வாழும் அஷானின்கா மக்களின் சங்கம் 2015-இல் நிதியத்தோடு நேரடியாக ஒப்பந்தம் போட்டது, சுமார் 66 லட்சம் ரியாலுக்கு. இடையில் பெரிய தொண்டு நிறுவனம் இல்லாமல் ஒரு பழங்குடி அமைப்பே நேராகக் கையெழுத்திட்டது அதுதான் முதல் தடவை. காட்டு மரங்களோடு பழ மரங்களையும் சேர்த்து வளர்ப்பதுதான் அதன் மையம், அதுவும் தங்கள் ஊரில் மட்டுமல்ல, சுற்றியுள்ள மற்ற சமூகங்களோடும் சேர்ந்து.

நிதியம் தொடங்கி ஏழாவது வருஷத்தில் முதல் நேரடி ஒப்பந்தம்! இதில் சந்தோஷப்படவும் இருக்கிறது, கோபப்படவும் இருக்கிறது. தொழிற்சாலைக்குக் கடன் கொடுக்கும் வங்கி கேட்கிற தணிக்கை அறிக்கையும் கொள்முதல் விதியும் பல நாள் படகில் போய்த்தான் நகரத்தைப் பார்க்க முடிகிற ஒரு சங்கத்தால் எப்படிச் சமாளிக்க முடியும்? அதனால்தான் பெரும்பகுதிப் பணம் மாநில அரசுகளுக்கும் மத்திய அமைப்புகளுக்கும் பெரிய தொண்டு நிறுவனங்களுக்கும் போய், அவற்றின் வழியாகச் சொட்டுச் சொட்டாகக் கீழே இறங்கியது. வங்கியின் கண்டிப்பு ஊழலைத் தடுத்தது, கூடவே யாருக்காக நிதியமோ அவர்களையும் வாசலில் காக்கவைத்தது. இரண்டும் உண்மை.

கணக்கு தன் வேலையைச் செய்த வருஷம்

2016-இல் காடழிப்பு 7,893 சதுர கிலோமீட்டருக்கு ஏறியது. 2017 ஜூனில் அன்றைய பிரேசில் அதிபர் தெமெர் நார்வே தலைநகர் ஆஸ்லோவுக்குப் போயிருந்த நேரத்தில், அந்த ஆண்டுக்கான பணம் பாதிக்கும் கீழே போகும் என்று நார்வே சொல்லிவிட்டது. சண்டை எதுவும் இல்லை, கணக்கு அப்படி. காடு அதிகம் போனால் பணம் குறையும் என்று இரு தரப்பும் முன்பே ஒப்புக்கொண்டதுதான்.

நார்வேயையும் சும்மா விட முடியாது. எண்ணெயும் எரிவாயுவும் விற்றுச் சேர்த்த செல்வத்தில்தான் அது காட்டுக்குக் கொடுக்கிறது. 2018-இல் பாரா மாநிலத்தின் பார்கரேனாவில், நார்வே அரசு மிகப் பெரிய பங்குதாரராக இருக்கும் ஹைட்ரோ நிறுவனத்தின் அலுமினா ஆலையிலிருந்து அனுமதியில்லாமல் நீர் வெளியேற்றப்பட்டது தெரியவந்து, நிறுவனம் மன்னிப்புக் கேட்டது, நீதிமன்றம் உற்பத்தியைப் பாதியாகக் குறைக்கச் சொன்னது. ஒரு கையில் காட்டுக்கு நன்கொடை, மறு கையில் அதே காட்டு மாநிலத்தில் இப்படி ஒரு ஆலை என்றால் கேள்வி வரத்தான் செய்யும். அடுத்த ஆண்டு பிரேசிலில் ஆட்சிக்கு வந்தவர்கள் நார்வேயின் எண்ணெயைச் சுட்டிக்காட்டிப் பேசியபோது அந்தப் பேச்சு எடுபட்டதற்கு இதுவும் ஒரு காரணம்.

2019

அதிபர் போல்சொனாரோ பதவியேற்ற 100-வது நாளில், ஏப்ரலில், ஓர் ஆணை வந்தது. நாடாளுமன்றச் சட்டத்தால் உருவாகாத, வெறும் அரசாணைகளால் உருவான நூற்றுக்கணக்கான ஆலோசனைக் குழுக்களை ஒரே மூச்சில் கலைக்கும் ஆணை. அமேசான் நிதியத்தின் இரண்டு குழுக்களும் அரசாணையில் பிறந்தவைதான். ஜூன் இறுதியோடு அவை இல்லாமல் போயின.

மே மாதத்தில் சுற்றுச்சூழல் அமைச்சர் சால்ஸ், தொண்டு நிறுவனங்களின் ஒப்பந்தங்களில் முறைகேடு இருப்பதாகச் சொன்னார். வங்கியில் நிதியத்தைக் கவனித்துவந்த துறைத் தலைவர் பதவியிலிருந்து விலக்கப்பட்டார். நிர்வாகத்தில் தங்களுக்குக் குறை எதுவும் தெரியவில்லை என்று நார்வேயும் ஜெர்மனியும் எழுதின. பாதுகாக்கப்பட்ட பகுதிகளுக்குள் நிலம் வைத்திருப்பவர்களுக்கு இழப்பீடு கொடுக்க நிதியத்தைப் பயன்படுத்தலாம், குழுவில் அரசின் கை ஓங்க வேண்டும் என்றெல்லாம் பேச்சு போனது. நன்கொடை நாடுகள் பிடி கொடுக்கவில்லை. ஆகஸ்டில் நார்வே 30 கோடி குரோனரை நிறுத்தியது, குழுக்களை ஒருதலையாகக் கலைத்தது ஒப்பந்த மீறல் என்றார் அந்நாட்டுச் சுற்றுச்சூழல் அமைச்சர். அதே நாட்களில் ஜெர்மனியின் சுற்றுச்சூழல் அமைச்சகம், நிதியத்துக்கு வெளியே தான் தரவிருந்த 3.5 கோடி யூரோவை நிறுத்தியது. அந்தப் பணத்தில் ஜெர்மனியே தன் நாட்டில் மரம் நடட்டும் என்றார் போல்சொனாரோ.

அதே ஆகஸ்டில்தான் அமேசான் தீ உலகம் முழுக்கச் செய்தியானது. ஜி7 நாடுகள் கூடிப் பேசி சுமார் 2 கோடி டாலர் அவசர உதவி தருவதாகச் சொன்னதைத் தொலைக்காட்சிகள் எல்லாம் காட்டின. அதைவிடப் பல மடங்கு பணம் ரியோ டி ஜெனீரோவில் வளர்ச்சி வங்கியின் கணக்கில், தீயணைப்புக்கென்றே செலவிடக்கூடிய பணமாக, சும்மா கிடந்தது. முன்பே கையெழுத்தான திட்டங்கள் மட்டும் ஓடிக்கொண்டிருந்தன, புதிதாக ஒன்றும் இல்லை.

எண்களைச் சொல்பவர்களுக்கும் அடி விழுந்தது. காடழிப்புத் தரவு பொய் என்று அதிபர் சொல்ல, இன்பே இயக்குநர் ரிக்கார்டோ கல்வாவோ எதிர்த்துப் பேச, ஆகஸ்ட் தொடக்கத்தில் அவர் நீக்கப்பட்டார். ஆனாலும் இன்பேயின் விஞ்ஞானிகள் கணக்கை நிறுத்தவில்லை. 2019-இல் 10,129 சதுர கிலோமீட்டர், 2020-இல் 10,851, 2021-இல் 13,038. 2021-க்கான முதற்கட்ட மதிப்பீடு இருந்த அறிக்கையில் அக்டோபர் 27 என்று தேதி இருந்தது, கிளாஸ்கோ காலநிலை மாநாடு முடிந்து நவம்பர் 18 அன்றுதான் அதை வெளியிட்டார்கள். தாமதப்படுத்தத்தான் முடிந்தது, மறைக்க முடியவில்லை. இந்த நிகழ்வில் உடையாமல் நின்ற ஒரே தூண் இன்பே என்று சொன்னால் மிகையில்லை.

நீதிமன்றம்

2020 ஜூனில் நான்கு எதிர்க்கட்சிகள் உச்ச நீதிமன்றத்துக்குப் போயின. செய்ய வேண்டியதைச் செய்யாமல் இருப்பதும் அரசியலமைப்பு மீறல் என்பது அவர்கள் வாதம். நீதிபதி ரோசா வெபர் பொதுவிசாரணை வைத்து அறிவியலாளர்கள், மாநில ஆளுநர்கள், சமூக அமைப்புகள் எல்லோரையும் கேட்டார். 2022 நவம்பரில் தீர்ப்பு முடிவானது: 60 நாட்களுக்குள், கலைப்பதற்கு முன் இருந்த அதே குழு அமைப்போடு நிதியத்தை மறுபடி இயக்க வேண்டும். அப்போது வங்கியில் சுமார் 300 கோடி ரியால் தேங்கியிருந்தது. 2023 ஜனவரி 1 அன்று, மூன்றாவது முறையாக அதிபரான முதல் நாளிலேயே, லூலா அதற்கான ஆணையில் கையெழுத்திட்டார்.

அப்புறம் பணம் வேகமாக வந்தது. ஜெர்மனி மறுபடி வந்தது, பிரிட்டன் 8 கோடி பவுண்டு அறிவித்தது, அமெரிக்கா, சுவிட்சர்லாந்து, டென்மார்க், ஐரோப்பிய ஒன்றியம் என்று பட்டியல் நீண்டது. மரீனா சில்வா மறுபடி அமைச்சரானார். காடழிப்பு 2024-இல் 6,288 சதுர கிலோமீட்டருக்கு இறங்கியது. இதிலும் அதே எச்சரிக்கை: இறக்கத்துக்கு முதல் காரணம் ஐபாமா மறுபடி களத்தில் இறங்கியது.

இந்தோனேசியாவோடு வைத்துப் பார்த்தால்

இதே நார்வே 2010 மே மாதம் இந்தோனேசியாவோடும் 100 கோடி டாலர் ஒப்பந்தம் போட்டது. டன்னுக்கு அதே 5 டாலர்தான். 2016–17 காலத்தில் குறைத்த சுமார் 1.12 கோடி டன்னுக்கு 5.6 கோடி டாலர் என்று ஒருவழியாக முடிவு செய்தார்கள், அதுவும் போய்ச் சேரவில்லை. 2021 செப்டம்பரில் இந்தோனேசியா வெறுத்துப்போய் விலகியது, சரியாக ஓராண்டு கழித்துப் புதிய ஒப்பந்தத்தோடு திரும்பியது. கொடுக்கும் நாடும் அதே, விலையும் அதே. ஆனால் பணத்தை வாங்கிக் கணக்குக் காட்டும் நிதி அமைப்பை இந்தோனேசியா 2019-இல்தான் தொடங்க முடிந்தது. பிரேசிலிடம் அறுபது ஆண்டுப் பழைய வங்கியும், காட்டை 1988 முதல் அளந்துவரும் விண்வெளி நிறுவனமும் கையில் இருந்தன. கூட்டுத் திட்டம் பேசும் அமைப்புகள் முதல் கூட்டத்தில் தொகையைப் பேசுகின்றன. யார் அளப்பார், யார் வாங்கி வைப்பார், யார் தீர்மானிப்பார் என்ற மூன்றையும்தான் முதலில் முடிக்க வேண்டும் என்பேன்.

பிரேசிலில் முதல் இரண்டும் உறுதியாக இருந்தன, மூன்றாவது ஓர் அரசாணையில் தொங்கியது. ஒரு கையெழுத்தில் வந்ததை இன்னொரு கையெழுத்து எடுத்துவிட்டது. 2023-இல் திரும்பி வந்ததும் அரசாணையாகத்தான் வந்திருக்கிறது, நாடாளுமன்றச் சட்டமாக இல்லை. இப்போது உச்ச நீதிமன்றத் தீர்ப்பு ஒரு வேலியாக நிற்பதால் அடுத்து வருபவர் அவ்வளவு சுலபமாகக் கலைத்துவிட முடியாது, அது உண்மை. ஆனால் ஒவ்வொரு தடவையும் நீதிமன்றத்துக்குப் போய் இரண்டு வருஷத்துக்கும் மேல் காத்திருக்கக் காட்டால் முடியாது. நன்கொடை நாடுகள் புதிய பணத்தோடு வந்த 2023-இல் இதைச் சட்டமாக்கச் சொல்லி பிரேசிலோடு அழுத்தமாகப் பேசியிருக்கலாம். குழுவில் இடம் கேட்பதாக அது ஆகாது, ஏற்கெனவே உட்கார்ந்திருப்பவர்களின் நாற்காலியைப் பாதுகாப்பதுதான்.

2025 நவம்பரில் பெலேம் காலநிலை மாநாட்டில் பிரேசில் தொடங்கிவைத்த வெப்பமண்டலக் காடுகளுக்கான புதிய நிதி வேறு வழியில் போகிறது: அழிக்காமல் நிற்கும் காட்டுக்கு ஹெக்டேருக்கு ஆண்டுக்கு சுமார் 4 டாலர், அதில் குறைந்தது 20 சதவீதம் பழங்குடிகளுக்கும் உள்ளூர்ச் சமூகங்களுக்கும். நார்வே இங்கேயும் முன்வரிசையில், 300 கோடி டாலர் வரை தருவதாகச் சொல்லியிருக்கிறது. அந்த 20 சதவீதம் எந்த விண்ணப்பம் வழியாக, எந்தத் தணிக்கை விதியோடு அமோனியா ஆற்றங்கரை போன்ற இடங்களுக்குப் போகும் என்பதில்தான் என் கவலை எல்லாம். சிறு சங்கங்களுக்குத் தனி விதி, எளிய கணக்கு முறை, அந்தக் கணக்கை எழுத உதவும் ஆளுக்கான சம்பளம் இவை முதல் நாளிலேயே எழுத்தில் இருக்க வேண்டும், முடிந்தவரை அந்தந்த நாட்டின் சட்டத்தில்.